ஜார்ஜுக்கு இரண்டாம் ஆண்டு

தன் புருஷன் செத்துப்போனதைப் பூசையில் கேட்டு, கோயிலிலேயே முதல் ஆளாக "ஆமென்" சொன்னவள் ஜானட்தான். பழக்கதோஷம், வேறென்ன? முப்பது வருஷமாக ராயபுரத்துக் கோயிலில் அதே நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து, மைக்கில் எது வந்தாலும் ஆமென் சொல்லிப் பழகிய வாய். சொல்லி முடித்தப்புறம்தான் காது விழித்துக்கொண்டது.

"துறைமுகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் அவர்களின் இரண்டாம் ஆண்டு நினைவாக, அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக..."

உபதேசியார் கணீரென்று வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் அன்னாரோ வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து, உப்பில்லாத கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

யார் மேல் குற்றம் சொல்வது? வெள்ளிக்கிழமை ஜானட்தான் கோயில் ஆபீசுக்குப் போனாள். "இன்னா கருத்துக்குமா, யாருக்காவ பூசை?" என்று உபதேசியார் பேனாவை எடுத்தார். "எங்க வூட்டுக்காரருக்குத்தாங்க. ரெண்டாவது வருஷம்" என்றாள் இவள். மனுஷர் முகம் தொங்கிப்போச்சு. "ஆண்டவர் பாத்துக்குவாரும்மா, தைரியமா இரு" என்று குரலை இறக்கிச் சொல்லி எழுதிக்கொண்டார். எவ்வளவு நல்ல மனசு என்று இவள் கும்பிட்டுவிட்டு வந்தாள். ஜார்ஜுக்கு நெஞ்சில் பைபாஸ் ஆபரேஷன் ஆகி உயிர் பிழைத்து ரெண்டு வருஷம் என்பது அவள் கணக்கு. ஆனால் ரெண்டாவது வருஷம் என்று அந்த மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் செத்தவருக்காகத்தானே வருவார்கள்? அவருக்கு மட்டும் எப்படித் தெரியும், பாவம்.

இந்த ஜார்ஜ் எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமா? துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மேலே கூண்டில் உட்கார்ந்து அவர் சிரித்தால் கீழே கப்பலில் இருக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். கோயில் திருவிழாவில் தேருக்கு முன்வரிசைத் தோள் அவருடையது. யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நாற்காலி போடுவார், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டுத்தான் கை கழுவுவார். அப்படிப்பட்ட மனுஷரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது டாக்டர் என்ன சொன்னார்? "தினம் ஒரு மணி நேரம் நடங்க, நாலு பேரோட பழகுங்க, அளவா எல்லாம் சாப்பிடுங்க, ஜாக்கிரதை" என்றார். ஜார்ஜ் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். விரலில் எப்போதும் நாடி காட்டும் அந்தக் குட்டி மெஷினை மாட்டியிருப்பார். யாரும் வீட்டுக்கு வரக்கூடாது, ஜல்பு புடிச்சிக்கும். போன் எடுக்கக்கூடாது, ஏதாவது அதிர்ச்சியான சேதி வந்துடும். சிரிக்கக்கூடாது, தையல் பிரிந்துவிடும். இந்த ரெண்டு வருஷத்தில் அவர் வாசற்படி தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் ஆட்டோவைப் படிக்கட்டுக்கே வரவழைத்து, மூஞ்சியை மூடிக்கொண்டு.

"ஆண்டவர் ரெண்டாவது தபா குடுத்த உயிரு இது. பத்ரமா வெச்சுக்கணும்" என்பார்.

"அவரு குடுத்தது உயிராய்யா, ஊறுகாயா? ஜாடியில போட்டுத் துணி கட்டி வெச்சுகினு கீற!" என்பாள் ஜானட். கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஜெபமாலையை உருட்டி உருட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இன்றைக்குக் காலையில்கூடக் கூப்பிட்டாள். "உனக்காகத்தான்யா நன்றிப் பூசை. ஒரே ஒரு மணி நேரம். வாய்யா." அவர் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்காமலே, "என் பங்குக்கும் நீயே சேத்து சொல்லிடு" என்றார்.

சரி, கோயிலுக்கு வருவோம். தப்பு புரிந்ததும் ஜானட் எழுந்திருக்கத்தான் பார்த்தாள். "ஐயய்ய, எங்க ஆளு உயிரோட கீறாரு சாமி" என்று சொல்லிவிடலாம் என்று பாதி எழுந்தவள், சுற்றிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யாருமே திடுக்கிடவில்லை.

"இன்னாது, ஜார்ஜா?" என்று ஒரு தலை திரும்பவில்லை. ஊருக்கே தெரிந்த மனுஷர் செத்துட்டார் என்று மைக்கில் சொல்கிறார்கள், "சே சே, இருக்காது" என்று சொல்ல அத்தனை பெரிய கோயிலில் ஒரு வாய் இல்லை. முன் பெஞ்சில் ஹில்டா, இவர்கள் தெருவுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்துக்குத் தலைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான். எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஜானட்டுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே பொத்துக்கொண்டு கோபம் வந்தது.

பிரசங்கத்தில் ஃபாதர் சைமன், ஆடுகளுக்குச் சும்மா மூச்சு இருந்தால் போதும் என்று மேய்ப்பராகிய ஆண்டவர் வரவில்லை, வாழ்வு நிறைந்து வழியவேண்டும் என்றுதான் வந்தார் என்று பேசிக்கொண்டிருந்தார். 'எங்கூட்டு ஆடு பட்டியை வுட்டே வெளிய வரல சாமி' என்று மனசுக்குள் பதில் சொன்னாள் ஜானட்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சனம் சூழ்ந்துகொண்டது. "எப்பம்மா ஆச்சு?" "ரெண்டு வருஷமா வாயே தொறக்கலியே!" "எவ்ளோ அழுத்தம்டி உனக்கு!" ஹில்டா கட்டிப்பிடித்து, "அக்கா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டோமா?" என்று விசும்பினாள்.

உண்மையைச் சொல்லத்தான் ஜானட் வாயைத் திறந்தாள். சத்தியமாக. ஆனால் வந்தது வேறு.

"இங்க வெச்சு இன்னாத்த சொல்றது? எல்லாரும் வூட்டுக்கு வாங்க. நேர்லயே வந்து பாத்துக்கங்க."

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிற அளவுக்கு அதில் ஒரு பொய்யும் இல்லை, யோசித்துப் பாருங்கள்.

பதினஞ்சு பேர் கிளம்பிவிட்டார்கள். போகிற வழியில் ஹில்டா ரோஜா மாலை ஒன்று வாங்கினாள். இன்னொருத்தி துக்க வீட்டில் அடுப்பு எரியாதே என்று ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கினாள். டீக்கடை பெஞ்சில் ரஷீது குந்தியிருந்தார். துறைமுகத்தில் ஜார்ஜ் கிரேனுக்குக் கீழே நின்று இருபத்தாறு வருஷம் சரக்கை ஏற்ற இறக்கக் கை காட்டியவர். மேலே இருப்பவர் சிரித்தால் கீழே பதிலுக்குச் சிரிக்கிற தோஸ்து. மாலையோடு கூட்டம் வருவதைப் பார்த்து, "யாரும்மா?" என்று கேட்டார்.

"நம்ம ஜார்ஜண்ணன்தான் பாய். செத்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சாம்" என்றாள் ஹில்டா.

ரஷீது கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. ஜானட் "பாய், கொஞ்சம் இருங்க" என்று சொல்வதற்குள் மனுஷர் ஓடத் தொடங்கிவிட்டார். அறுபத்தஞ்சு வயசு, முட்டிவலி வேறு. அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

இவர்கள் ரெண்டாவது மாடிக்கு ஏறிச் சேர்ந்தபோது ரஷீது கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது. மூஞ்சியில் மாஸ்க், விரலில் மெஷின், "யாரு? தூர நில்லுங்க" என்று ஒரு குரல்.

ரஷீதுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவை ஒரு தள்ளு தள்ளி உள்ளே போனார். ஜார்ஜின் தோளைத் தொட்டார், கன்னத்தைக் கிள்ளினார், அப்புறம் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"டேய், நீ சாவலியாடா?"

"நான் இன்னாத்துக்குடா சாவறேன்?"

"அப்ப இன்னாத்துக்குடா போன எடுக்கல? எத்தினி தபா அடிச்சேன்! ரெண்டு ரம்ஜானுக்கு பிரியாணி குடுத்தனுப்பிச்சேன், ஆளக் காட்டலியேடா!" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார்.

அதற்குள் பதினஞ்சு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். பேயைப் பார்த்தமாதிரி நின்றார்கள். ஹில்டா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒளிக்கிற அளவா அது? ரெண்டு பக்கமும் தொங்கியது. விஷயம் தெரிந்ததும் ஜார்ஜுக்கு வந்ததே கோபம்!

"கோயில்லயே வாசிச்சாங்களா? அத்த கேட்டுகினு அம்மாம் பேரும் சும்மா குந்தினு இருந்தீங்களா? ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரல? ஹில்டா, நீயுமா நம்பின?"

ஹில்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தேர்லயும் காணோம், கிறிஸ்மஸ்லயும் காணோம். எங்கம்மா போய்ச் சேந்தப்பகூட நீ வரலியேண்ணா. நாற்காலி போட ஆளில்லாம நின்னோம். நான் இன்னான்னு நெனைக்கறது, சொல்லு?"

ஹில்டாவின் அம்மா இறந்ததே அவருக்குத் தெரியாது. ஜானட் வந்து சொல்ல வாயெடுத்தபோது, துக்கச் சேதி வேணாம் என்று காதைப் பொத்திக்கொண்டவர் அவர்தான். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் பெண்டாட்டியிடம் திரும்பினார்.

"நீயாவது எழுந்து சொல்லியிருக்கலாமேமே. எம்புருஷன் உயிரோட கீறான்னு."

"சொல்லத்தான்யா எழுந்தேன்" என்றாள் ஜானட். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "எழுந்தப்பதான் எனக்கே தெரியல. நீ கீறியா இல்லியான்னு."

ஜார்ஜ் மெதுவாக மாஸ்க்கைக் கழற்றினார். நாற்காலியில் உட்காரப் போனவர் உட்காராமல் நின்றார். ஹில்டாவின் பக்கம் திரும்பி, "அம்மா எப்பமா போனாங்க?" என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அழ, அவரும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையிலிருந்த மாலை கண்ணில் பட்டது.

"எனக்குத்தானே வாங்கின? குடு, வீணாக்காத" என்று தலையைக் குனிந்தார்.

ஹில்டா மாலையைப் போட, ரஷீது, "மாப்ள மாதிரி கீறடா" என்றார். ஜார்ஜ் சிரித்தார். முதலில் இருமல் மாதிரி ஒன்று வந்தது, அப்புறம் பழைய சிரிப்பு, மூன்று தெருவுக்குக் கேட்கிற சிரிப்பு, தொப்பையைப் பிடித்துக்கொண்டு. தையல் ஒன்றும் பிரியவில்லை. ஜானட் சமையலறைக்கு ஓடி, டீக்குப் பெரிய பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்று அழுதாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு.

துக்கத்துக்கு வாங்கிய ரொட்டியும் பிஸ்கட்டும் டீயில் தோய்ந்து தீர்ந்துகொண்டிருந்தபோது சேதி கேட்டு ஃபாதர் சைமனும் உபதேசியாரும் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்கள். உபதேசியார் ஜார்ஜைப் பார்த்ததும் கையைக் கூப்பிவிட்டார். "சாயந்தரப் பூசையிலயே திருத்தி வாசிச்சிடறேங்க."

"வேணாம்" என்றார் ஃபாதர் சைமன். "காலையில வாசிச்சத நம்பினவங்க, சாயங்காலம் மாத்தி வாசிச்சா எத நம்புவாங்க? செத்தவங்க லிஸ்ட்லேர்ந்து பேர எடுக்கணும்னா ஆளே வந்து நிக்கணும் ஜார்ஜ்."

ஜார்ஜ் வாசல் பக்கம் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். பயம் இருந்தது, இல்லாமலா? அவர் விரலிலிருந்த மெஷினைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, "என் வெள்ளச் சட்ட எங்கமே?" என்றார்.

சாயந்தரம் கோயிலில் உட்கார இடமில்லை. செத்தவர் எழுந்து வருகிறார் என்ற சேதி ராயபுரம் தாண்டி டோல்கேட் வரைக்கும் போயிருந்தது. ரஷீது கடைசிச் சுவரோரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் சைமன் மைக்கை நீட்ட, ஜார்ஜ் போய் வாங்கினார்.

"ஆண்டவரு எனக்கு ரெண்டு தபா உயிர் குடுத்தாரு" என்றார். "ரெண்டாவது தபா குடுத்தத நானே வூட்டுக்குள்ள வெச்சு அடக்கம் பண்ணிட்டேன். அத்த தோண்டி எடுத்தது என் சம்சாரம். ஆண்டவருக்கு நன்றி சொல்ல இந்தக் கோயில் பூரா ஆளு கீது. அவளுக்கு நன்றி சொல்ல நான் ஒருத்தன்தான் கீறேன்."

கோயிலே கைதட்டியது. நாலாவது பெஞ்சில் ஜானட் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. மானம் போவுதே என்று, முந்தானைக்குள்ளேயிருந்தபடியே, "போதும்யா, வந்து குந்துய்யா!" என்று கத்தினாள்.

"ரெண்டு வருஷம் குந்தியாச்சுமே" என்றார் ஜார்ஜ் மைக்கிலேயே.