வெள்ளையடித்த பாறைவழி

நியாயம் தெரிந்தவர்களே, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்கள். கரையிலிருந்து பாறைகளுக்கு இறங்கும் சரிவில் புதிதாக ஓர் இரும்புக் கதவு நிற்கிறதே, அதைப் பாருங்கள். கதவுக்கு அந்தப் பக்கமும் கடற்கரை, இந்தப் பக்கமும் கடற்கரை. நடுவில் எதற்குக் கதவு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? கேளுங்கள். கன்னம் வைத்துத் திருடினால் பிடிக்க ஆள் உண்டு. ஒருத்தியின் வாயிலிருந்தே நான்கு உண்மைகளைப் பிடுங்கி, அவற்றைக் கொண்டே அவள் சுகத்தைத் திருடினால் யாரைப் போய்ப் பிடிப்பது?

அவள் கரைமேல் இருக்கும் விடுதியில் இஸ்திரி போடுகிறவள். தரைக்கும் கீழே, காற்று எட்டிப் பார்க்கவும் தயங்கும் ஓர் அறை. அதில் நீண்ட மேசை, ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டி, மலையாய்க் குவிந்த படுக்கை விரிப்புகள். காலையில் உள்ளே போகும்போது மனுஷியாகப் போவாள். பிற்பகலில் வெளியே வரும்போது வெந்து வருவாள். அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை, தெருக்கோடியில் இருக்கும் மீன் கொட்டகையில் வேலை செய்கிறாள். அவளுக்கு நேர்மாறான தண்டனை. நாள் முழுவதும் கைகள் பனிக்கட்டிக்குள்ளேயே கிடக்கும். வேலை முடிந்து வந்தால் விரல்கள் மடங்காது. தலைமுடியைக் கூட அண்ணிதான் முடிந்துவிட வேண்டும்.

இந்த இருவருக்கும் மருந்தாக இயற்கை ஒன்றை வைத்திருந்தது. பாறைகளுக்கு நடுவே, கடல் உள்வாங்கியதும் தேங்கி நிற்கும் ஒரு குட்டை. மழைக்காலத்தில் அலை அதை விழுங்கிவிடும். முதிர்ந்த கோடையில் அது உலைநீராகிவிடும். கோடை தொடங்கும் அந்தச் சில வாரங்களில் மட்டும் மேல்நீர் வெயிலில் இளஞ்சூடாகவும் அடிநீர் சில்லென்றும் இருக்கும். இஸ்திரிக்காரி கழுத்தளவு அமிழ்ந்து, குளிர்ந்த அடிமணலில் காலைப் புதைத்துக்கொள்வாள். நாத்தனார் மேல்நீரில் இரு கைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, விரல்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெந்தவளுக்குக் குளிர்ச்சி, விறைத்தவளுக்குச் சூடு. ஒரே குட்டை இரண்டையும் கொடுத்தது. அதற்காக அவர்கள் யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரையும் கும்பிட்டதில்லை.

தெருவில் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாருமே அங்கே வருவார்கள். பாவாடைகள் நீரில் பூசணிக்காய்போல் உப்பும். அதைத் தட்டித் தட்டி அமுக்குவதே ஒரு விளையாட்டு. வெள்ளரிக்காயை முழங்காலில் அடித்து உடைத்து, கடல்நீரில் தோய்த்துக் கடிப்பார்கள். உப்பு தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை. பிறகு சூடேறிய பாறையில் மல்லாந்து கிடந்து, கூந்தலை உலர்த்திக்கொண்டே மேலாளர்கள், மேஸ்திரிகள், கணவன்மார்கள் அத்தனை பேரின் நடையையும் குரலையும் நடித்துக் காட்டுவார்கள். வயிறு நோகச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால், அன்றைய சோற்றுக்கே தனி ருசி.

அந்தக் குட்டைக்குப் போகும் வழி கண்ணுக்குத் தெரிகிற வழியல்ல. பாறைக்குப் பாறை தாவ வேண்டும். பாசி படிந்ததில் கால் வைத்தால் பல் போகும். ஒவ்வொரு மழைக்காலமும் அலை கற்களைப் புரட்டிப் போட்டுவிடும் என்பதால், கோடை தொடங்கியதும் ஒருத்தி முன்னே போய்க் காலால் அழுத்திப் பார்த்து, பின்னால் வருகிறவர்களுக்குக் கூவிச் சொல்வாள். பாறைகளுக்குப் பட்டப்பெயர்களும் உண்டு. ஒன்று மாமியார் முதுகு. எவ்வளவு ஏறி மிதித்தாலும் அசையாது. இன்னொன்று புது மாப்பிள்ளை. பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார், நம்பிக் காலை வைத்தால் ஆடுவார்.

சென்ற கோடையில் விடுதி விருந்தாளி ஒருவர் அந்தப் புது மாப்பிள்ளையை நம்பி, விழுந்து கையை முறித்துக்கொண்டார். மறுநாள் மேலாளர் இஸ்திரி அறைக்கே இறங்கி வந்தார். அதுவரை அவளை “ஏய், லாண்டரி” என்று கூப்பிட்டவர், முதன்முறையாக “அம்மா” என்றார். உறுதியான பாறைகளைக் காட்டிக் கொடுத்தால் நாலு பேருக்கு நல்லது என்றார். இவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. விடுதியின் கிடங்கிலிருந்து ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் வந்தன. அன்று இஸ்திரி போட வேண்டாமென்று அவரே சொன்னார். வெயிலில் குந்தி உட்கார்ந்து, அசையாத பாறை ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை வட்டம் போட்டாள். யார் எலும்பும் இனி முறியாது என்ற நினைப்பில், கேட்காத பாறைக்கும் இரண்டு பூச்சு கூடவே பூசினாள்.

“அண்ணி, நீங்க இருக்கீங்களே, மாமியாருக்கே வெள்ளை அடிச்சிட்டீங்க,” என்று நாத்தனார் கரையில் நின்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் கூலி இந்தக் கோடையில் வந்து சேர்ந்தது.

கடல் அமைதியாகி, வெயில் இதமாகி, பெண்கள் வெள்ளரிக்காயும் கையுமாக இறங்கி வந்தபோது கதவு நின்றது. விடுதி விருந்தாளிகளுக்கு மட்டும் என்றான் காவலாளி. பெண்கள் திரண்டு நகரமன்றத்துக்குப் போனார்கள். மன்றத் தலைவர் எல்லாரையும் உட்காரச் சொன்னார், மரியாதைக்குக் குறைவில்லை. கரைச் சரிவில் வழியை யார் உண்டாக்கினார்களோ அவர்களுக்கே அது சொந்தம் என்பது மன்றத்தின் பழைய விதியாம். மேலாளர் எழுந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இஸ்திரிக்காரியைப் பார்த்துக் கேள்வி மட்டும் கேட்டார்.

“அந்த வழியில வெள்ளை அடிச்சது யாரும்மா?”

“நான்தாங்க.”

“பெயிண்ட் உங்க வீட்டுதா?”

“இல்லீங்க, விடுதியோடது.”

“லீவு போட்டுட்டா அடிச்சீங்க?”

“வேலை நேரத்துலதாங்க.”

“யாரு சொல்லி அடிச்சீங்க?”

“நீங்க சொல்லித்தான்.”

தலைவர் தலையாட்டினார். அதற்கு முன்பு அங்கே வழி இருந்ததா என்று கேட்டார். எங்கள் அம்மா காலத்திலிருந்தே நடக்கிறோம் என்றாள் இவள். நடந்ததற்கு அடையாளம் ஏதாவது காட்ட முடியுமா என்றார் அவர். மண்ணாக இருந்தால் தேய்ந்து தடமாகியிருக்கும். புல்லாக இருந்தால் மடிந்து காட்டிக் கொடுத்திருக்கும். பாறை யாருடைய காலையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதன்மேல் பதிந்திருந்தது விடுதியின் பெயிண்ட் மட்டுமே. அதையும் பதித்தவள் இவள். வெளியே வரும்போது பெண்கள் ஒருவரும் இவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

மேலாளர் தாராள மனசுக்காரர். பாறைகளை இவ்வளவு அறிந்தவள் கீழே வேகுவானேன் என்று, கதவருகில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். பிற்பகல்களில் விருந்தாளிகளுக்குத் துண்டு கொடுப்பது, எந்தப் பாறையில் கால் வைக்கலாம் என்று சொல்வது, மற்றவர்களைத் திருப்பி அனுப்புவது: இதுதான் புது வேலை. வேண்டாமென்றால் பழைய வேலையும் வேண்டாம் என்றே பொருள். அவள் உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் நாத்தனார் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள், கொட்டகையிலிருந்து நேராக வந்து கதவுக்கு வெளியே நின்றாள். விரல்கள் வெடித்திருந்தன, கம்பியைப் பிடிக்கக்கூட அவை மடங்கவில்லை.

“குளிக்க வரல அண்ணி. கையை மட்டும் கொஞ்ச நேரம் தண்ணில வெச்சிட்டுப் போயிடறேன்.”

இவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல்மாடத்தில் மேலாளர் நின்றிருந்தார். “ஆளுங்க இருக்காங்கடி,” என்றாள், உதடு அசையாமல்.

அந்நேரம் விருந்தாளி அம்மாள் ஒருத்தி நீர் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தாள். நல்லவள்தான், முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் சில்லென்றும் இருக்கும் இப்படி ஒரு தண்ணீரைத் தான் கண்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டே துண்டை வாங்கினாள். துவட்டியபடி கதவுப் பக்கம் திரும்பினாள்.

“இவங்க யாரு? ரொம்ப நேரமா நிக்கிறாங்களே. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள். ஒருத்தி தலையை ஒருத்தி முடிந்துவிடுகிறவர்கள். மாடத்து நிழல் அசையவில்லை.

“தெரியலீங்க. யாரோ மீன் விக்கிறவங்க போல.”

நாத்தனார் அழவில்லை. அந்த அம்மாளைப் பார்த்து, கூடை சுமப்பவள்போல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். “ஆமாங்க, மீன்காரிதான். வீடு மாறி வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று மாலை வீட்டில் இஸ்திரிக்காரி வாயகன்ற பாத்திரத்தில் வெந்நீர் விளாவி, உப்புப் போட்டு, நாத்தனார் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவள் கையை நீட்டவில்லை. நீர் ஆறும்வரை இருவரும் அதன் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நாத்தனார் எழுந்து, விறைத்த விரல்களாலேயே தன் கூந்தலைத் தானே அள்ளி முடியப் பார்த்தாள். அது நிற்கவில்லை; சரிந்து சரிந்து விழுந்தது. உதவிக்கு எழுந்த இஸ்திரிக்காரியின் கை பாதியிலேயே நின்றது.

குட்டையைப் பறித்தவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதைப் பார்த்தீர்களா? ஒரு வீட்டுக்குள் புகுந்து, அண்ணி என்ற உறவையும் பறித்துக்கொண்டார்கள்.

இந்த விடுதியில் அறை எடுத்துத் தங்கியவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். எத்தனை கோடைகள் உங்கள் மாடத்தில் சாய்ந்து நின்று, கீழே குட்டையில் பெண்கள் சிரிப்பதைக் கேட்டீர்கள்! அவர்கள் பாறைக்குப் பாறை தாவுவதை வேடிக்கை பார்த்தீர்கள், படம்கூட எடுத்தீர்கள். வெள்ளை வட்டங்கள் வருவதற்கு முன்பே பார்த்தீர்கள். பாறைக்கு நினைவில்லை, உங்களுக்குமா இல்லை? கொடுத்த துண்டைத் திருப்பிக் கொடுங்கள். ஈரக் காலோடு நகரமன்றத்துக்கு நடங்கள். தலைவர் முன்னால் நின்று, “அவர்கள் நடந்தார்கள், நாங்கள் பார்த்தோம்” என்று சொல்லுங்கள். கோடை முற்றுவதற்குள் சொல்லுங்கள்.