அக்காவின் பாதி

மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த அக்கா, வீடு திரும்பியதும் பையைக்கூட இறக்காமல் கிடங்குக்குத்தான் போனாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சிதறிக் கிடந்த நாலைந்து மக்காச்சோள மணிகளை ஒரு கோழி கொத்திக்கொண்டிருந்தது. மிச்சம் அவ்வளவுதான்.

நிலம் அவளுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. அறுத்த கையோடு ஊரே கொண்டுபோய்க் கொட்டினால் விலை படுத்துவிடும், பொறுத்து விற்போம் என்று இருவரும் பேசித்தான் வைத்திருந்தார்கள். காயவைத்து, புடைத்து, வண்டு விழாமல் மூட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கியவள் அவள்.

"எங்கடா சோளம்?"

தம்பி தலையைச் சொறிந்தான். "இப்பதான் லாரி போச்சுக்கா. விலை இன்னும் இறங்கும்னு தரகர் சொன்னாரு. எல்லாரும் வித்துட்டாங்க. நானும் ஏத்தி விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு போன் போட முடியலையா?"

"நீ வேணாம்னு சொல்லுவே..."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேக்கல! எடுடா வண்டிய."

எடைமேடையில் லாரி இன்னும் வரிசையில்தான் நின்றது. தரகர் பல்லைக் காட்டினார். "தம்பிதான் பேசி முடிச்சிட்டாரேம்மா. ஆம்பளைங்க பேச்சு..."

"அவன் பேசினது அவன் பாதிக்கு. என் பாதிக்கு நான்தான் பேசணும். இறக்குங்க."

"எவன் இறக்குவான்?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே லாரியில் ஏறினாள். முதல் மூட்டை தரகரின் காலடியில் தொப்பென்று விழுந்தது. அவர் துள்ளி விலகினார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரனை அலறவிட்டன. தம்பி கொஞ்ச நேரம் நெளிந்தான். பிறகு மூட்டை சுமக்க முதுகைக் கொடுத்தான். சரிபாதி இறங்கும்வரை அவள் லாரியை விட்டு இறங்கவில்லை.

அப்புறம் விலை ஏறுவதுபோல் போக்குக் காட்டிவிட்டுச் சரிந்தது. ஒருநாள் காலையில், இனித் தாங்காது என்று முடிவெடுத்து அவள் விற்றாள். தம்பிக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

"இதுக்கா இத்தனை ஆட்டம் போட்டே?" என்று அவன் சிரித்தான்.

"நஷ்டம்னாலும் நான் பாத்து வித்ததுடா. ஆனா நீ செஞ்சது திருட்டு."

அவன் சிரிப்பு நின்றது. அடுத்த அறுவடைக்கு முன்பே கிடங்கின் நடுவில் பலகைச் சுவர் எழுந்தது. தன் பக்கத்துக்குத் தனிக் கதவு வைத்துப் பெரிய பூட்டாகப் போட்டாள் அக்கா.

"சாவி ஒண்ணு என்கிட்டயும் இருக்கட்டுமேக்கா, அவசரத்துக்கு..."

"எந்த அவசரத்துக்கு?" என்றாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.