ஒன்பது உருதுத் தாள்

மர்யம் மேலே படிப்பதற்கு விலை இரண்டு ரூபாய். ஏழாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு அதுதான் கட்டணம். கட்டினால் திரும்பி வராது. தாராவி தோல் கிடங்கில் கூலி வேலை பார்க்கும் அவள் வாப்பா ஜெயினுலாப்தீன், பணத்தை நீட்டும்போதே பேசி முடித்துவிட்டார்: ஸ்காலர்ஷிப் வந்தால் எட்டாவது, வராவிட்டால் சொந்த ஊர் மேலப்பாளையத்துக்கு ரயில், அங்கே மாமி மகனோடு நிக்காஹ். அடுத்த வருஷம் எழுதலாமென்றால் வயது தாண்டிவிடும்.

தமிழ்ப் பள்ளிகளுக்கு அந்தப் பரீட்சையை நடத்திக் கொடுக்கும் பொறுப்பு பம்பாய்க் கல்வி ஆபீஸ் ஹெட்கிளார்க் மாதுங்கா வேங்கடசுப்ரமணியனுடையது. பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவர் அனுப்பிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஜனவரியில் தாராவிப் பள்ளியின் நாற்பது விண்ணப்பங்கள் வந்தன. 'எந்த மொழியில் வினாத்தாள்' என்ற கட்டம் நாற்பதிலும் காலி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இதைக்கூடவா கேட்பார்கள் என்று ஹெட்மாஸ்டர் நம்பிராஜன் விட்டுவிட்டார். திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் போகும். வேங்கடசுப்ரமணியன் ரயிலிலேயே பைலை மடியில் வைத்து, பைகுல்லா வருவதற்குள் தானே நிரப்பினார். செல்லப்பாண்டி, பூலோகம் என்றால் தமிழ். சைனப், சிராஜ், மர்யம் என்றால் உருது. பெயரைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

மார்ச்சில் பரீட்சை. பத்தரைக்கு வேங்கடசுப்ரமணியன் வினாத்தாள் கட்டின் சீலை உடைத்தார். தாள் கொடுத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மர்யம் எழுந்து நின்றாள்.

"சார், எனக்கு மாத்திக் குடுத்துட்டீய."

"நம்பர் சரியாத்தானே இருக்கு? உக்காரு."

"இது குர்ஆன் ஓதுற எழுத்துல்லா சார்? கூட்டிக் கூட்டி வாசிக்கேன். அர்த்தம் ஒண்ணும் தெரியலியே."

பின்வரிசையில் சிராஜ் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, உதட்டை அசைத்து, கணக்குத் தாளை ஓதவே ஆரம்பித்திருந்தான்.

நம்பிராஜன் ஓடிவந்து பார்த்தார். "சார்வாள், இந்தப் பிள்ளையளுக்கு வீட்ல தமிழு, பள்ளிக்கூடத்துல தமிழு, தெருவுக்குப் போனா இந்தி. உருதுக்கு எங்க போவும்?"

"மெதுவாப் பேசும் ஓய்."

"கேள்விய போர்டுல எழுதிப் போட்டுருதேன். பத்து நிமிச சோலி."

"போட்டா சென்டரையே கான்சல் பண்ணிடுவான். மத்த முப்பது குழந்தைகளுக்கும் போச்சு. தெரியுமோல்லியோ?"

அது உண்மை. வேங்கடசுப்ரமணியனுக்கு வசதியான உண்மை.

"செல்லப்பாண்டி இன்னைக்கு வரல. அவன் தமிழ்த் தாள் மேசையில சும்மாதான கெடக்கு? இந்தப் பிள்ளைக்காவது குடுங்க. வகுப்புல மொத ஆளு."

கொடுக்கலாம். விதியில் இடம் இருந்தது. ஆனால் ஏன் கொடுத்தோமென்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணத்தைத் தேடி எவனாவது விண்ணப்பத்தைப் புரட்டினால், மொழிக் கட்டம் முழுக்க அவருடைய பச்சை மை. ஜூனில் சூப்பரின்டெண்டென்ட் பதவி வேறு காத்திருந்தது.

"ஒருத்திக்குக் குடுத்தா மீதி எட்டுப் பேர் என்ன பாவம் பண்ணினா? நியாயம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்றார்.

நம்பிராஜன் அவரையே பார்த்தார். "நல்லா இருக்கு உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மர்யத்தின் கண் மேசைமேல் கிடந்த தாளிலேயே இருந்தது. பிறகு உட்கார்ந்து, விடைத்தாளில் தன் பெயரையும் நம்பரையும் அழகாகத் தமிழில் எழுதினாள். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. மணி அடிக்கும்வரை பேனாவை மூடவும் இல்லை.

அரை நாள் கூலியை விட்டுவிட்டு வாசலில் ஜெயினுலாப்தீன் நின்றிருந்தார். மகள் பேசாமல் வந்து பக்கத்தில் நின்றதைப் பார்த்து, வேங்கடசுப்ரமணியனுக்கு சலாம் வைத்தார்.

"புள்ள பயந்துட்டா போல. நீங்கதான் சார் பாத்துக்கிடணும்."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றபடி அவர் உள்ளே போய் வினாத்தாள் கணக்குப் படிவத்தை எடுத்து நிரப்பினார்.

தமிழ்: வந்தது முப்பத்தொன்று, கொடுத்தது முப்பது, சீல் வைத்துத் திருப்பியது ஒன்று. உருது: வந்தது ஒன்பது, கொடுத்தது ஒன்பது, திருப்பியது இல்லை. ஆக மொத்தம் நாற்பது. கணக்கு நேர்.