மண் மேட்டின் உயரம்

அஃபிஃபாவுக்கு வந்தது ஒரே ஒரு தாள். கெர்லிங் ஊர்ப் பக்கத்தில் எஸ்டேட் சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தை, மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி அங்கே வெளியே வந்தபோது, வலப்பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் அதில் மோதி, அதை ஓட்டிவந்த கண்மணி என்ற பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது. ஓரத்து மண் மேடு மறைத்ததால் அவளைப் பார்க்கவே முடியவில்லை என்றார் லோரி ஓட்டிய சோமு. விசாரணை வைத்த எஸ்டேட் நிர்வாகம், அந்தத் தாளைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக்கி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து என்ன தெரியும் என்று காட்டச் சொல்லி, ராசா ஊரில் அவள் வேலை செய்த கணினி வரைபட அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது.

சாலையின் அகலம், லோரியின் நீளம் எல்லாம் தாளில் இருந்தன. மண் மேட்டுக்கு மட்டும் வெறும் இரண்டு கோடுகள்.

"பாஸ், இந்த மேடு எவ்வளவு உயரம்னு போடல. கேட்டுப் பார்க்கவா?"

"நாளைக்கு விசாரணை லா," என்றார் ரெங்கசாமி. "பார்த்து ஏதாவது போடு."

அவள் இடுப்பளவு உயரம் போட்டாள்.

விசாரணையில் அவளே மாதிரியை ஓட்டிக் காட்டினாள். திரையில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து சாலை முழுவதும் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் தொலைவிலிருந்தே தெளிவாக வந்தது. சோமு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று மானேஜர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வேலை போயிற்று.

அடுத்த மாதம் தஞ்சோங் மாலிமில், அம்மாவின் தங்கையான சாச்சி வீட்டு விருந்துக்குப் போகும் வழியில், அஃபிஃபா விபத்து நடந்த அந்தச் சாலை முனையில் காரை நிறுத்தினாள். எதற்காக நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கையைத் தூக்கினாலும் மேட்டின் உச்சி எட்டவில்லை. அதன்மேல் நெடுநெடுவென்று வளர்ந்த லாலாங் புல் வேறு. மறுநாள் அலுவலகத்தில் அதைச் சொன்னாள்.

"நம்ம தப்பு இல்ல," என்றார் ரெங்கசாமி. "தாள்ல உயரம் இல்ல."

"இல்லாததை நான்தானே பாஸ் போட்டேன்."

மேட்டை அளந்து, மாதிரியைத் திருத்தி, நடந்ததை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினாள். பிறகு அம்பாங் பெச்சாவில் சோமு வீட்டைத் தேடிப் போனாள். அவர் மனைவி திலகா உட்காரச் சொன்னாள்.

"அங்கள், அந்த மேடு நிஜத்துல ரொம்ப உயரம். நான் குறைச்சுப் போட்டுட்டேன். பைக்ல வந்தவங்களை உங்களால பார்த்திருக்கவே முடியாது."

சோமு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பார்க்கலன்னுதான்மா நானும் நினைச்சேன். அப்புறம் படத்துல பைக் அப்படித் தெளிவா வருது. சரி, கண்ணைத் திறந்துகிட்டே கவனிக்காம விட்டிருக்கேன்னு தோணிச்சு. அடிபட்ட அந்தப் புள்ளைகிட்டப் போயி, என் தப்புதான்னு சொல்லிட்டு வந்தேன்." அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "கம்ப்யூட்டர் எப்படிம்மா பொய் சொல்லும்?"

"கம்ப்யூட்டர் சொல்லல, அங்கள். நான் சொன்னேன்."

"தூக்கத்துல பிரேக் மிதிக்கிறாரு," என்றாள் திலகா. "நீ ஒரு தடவை அங்க போயி பார்த்திருக்கலாம்ல? இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"பக்கந்தான், ஆன்ட்டி," என்றாள் அஃபிஃபா. மன்னிப்புக் கேட்டாள். கேட்டபோது அந்தச் சொல் அவள் காதுக்கே சின்னதாக இருந்தது.

அங்கிருந்து கண்மணி வீட்டுக்கும் போனாள். ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்த கண்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை நாளா அவரைத் திட்டினது?" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள்.

நிர்வாகம் சோமு மேல் தவறில்லை என்று முடிவை மாற்றி, மேட்டை வெட்டிச் சரித்து, அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டது. அவர் வேலைக்குப் போன முதல் நாள், திலகா அஃபிஃபாவுக்குப் போன் செய்தாள்.

"போனாரு. சாலை முனையில வண்டியை நிறுத்திட்டு இறங்கிட்டாராம். ரோடு காலியாத்தான் இருக்கு, ஆனா என் கண்ணை நம்ப முடியலங்கிறாரு. இப்ப லோரி இல்ல, குலை எடை போடுற இடத்துல வேலை கொடுத்திருக்காங்க."

"அங்கள்கிட்ட நான் பேசவா, ஆன்ட்டி?"

"இப்ப வேணாம்மா," என்றாள் திலகா. குரலில் கோபம் இல்லை. அஃபிஃபாவுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.