பந்து வராத பக்கம்

பார்ப்பதற்கு அது சின்னப் பிள்ளை விளையாட்டு. திரையில் மூன்று பொம்மைகள். ஒன்று நீ. மற்ற இரண்டும் பக்கத்து அறைகளில் இருக்கும் உன் வயதுப் பிள்ளைகள் என்று சொல்வார்கள். பந்து உன்னிடம் வந்தால், யாருக்குப் போட வேண்டுமோ அந்தப் பொம்மையைத் தொட வேண்டும். அவ்வளவுதான். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. முதலில் பந்து உன்னிடமும் வரும். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பொம்மைகளும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளத் தொடங்கும். அப்புறம் உன் பக்கம் பந்து எட்டிக்கூடப் பார்க்காது.

பக்கத்து அறைகளில் யாருமே இல்லை என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். எல்லாம் கணினி. ஆனால் விளையாடுகிற பிள்ளைக்கு அது தெரியாதே! பிள்ளைகளின் முகம் சுண்டிப்போவதை அந்த ஆய்வகத்தின் உதவியாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி திறக்கும். மற்ற இருவருக்கும் ஏதாவது சொல்ல நினைத்தால் அதில் எழுதலாம். ஆய்வே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பந்து கிடைத்த பிள்ளைகள் 'பை' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கிடைக்காதவர்கள் எழுதியதை வாய்விட்டுப் படிக்க முடியாது. ஒதுக்கப்பட்ட பிள்ளை இணையத்தில் எவ்வளவு வேகமாகப் பாயும், யார்மேல் பாயும் என்பதைத்தான் அங்கே அளந்துகொண்டிருந்தார்கள்.

யாருக்குப் பந்து, யாருக்கு இல்லை என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும். ஆனால் பிள்ளையை வெளியே அனுப்பும் முன் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பேராசிரியைக்கு இதில் தயவுதாட்சண்யமே கிடையாது. "காயப்படுத்துறது நாம. மருந்து போடாம ஒரு பிள்ளைகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்பார். தெரிந்த பிள்ளை வந்தால் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் விதிதான்.

அன்று மதியம் தன் அம்மாவோடு உள்ளே வந்த பெண்ணைப் பார்த்ததும் உதவியாளருக்குத் திக்கென்றது. இந்த முகத்தை அவள் தன் தங்கையின் போனில் பார்த்திருக்கிறாள்.

தங்கை உயரம், ஒல்லி, தலை நிறையச் சுருட்டை முடி. அவளுக்கு 'ஒட்டடைக்குச்சி' என்று பட்டப்பெயர் வைத்தவள் இந்தப் பெண்தான். பெயரோடு விட்டாளா? 'ஒட்டடைக்குச்சி ரசிகர் மன்றம்' என்று ஒரு குழுவைத் தொடங்கி, தங்கை ஓட்டப்பந்தயத்தில் விழுந்து அழுத வீடியோவைப் போட்டு, வகுப்பையே அதில் சேர்த்துவிட்டாள். தங்கை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். அதையும் படமாக்கிப் போட்டார்கள். பள்ளியில் போய்க் கேட்டதற்கு, பிள்ளைகள் விளையாட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு தங்கை வீட்டிலேயே முடங்கினாள். போனை அணைத்துத் துணிகளுக்கு அடியில் செருகினாள். இப்போதுதான், போன வாரம், அதை வெளியே எடுத்து, "திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்கூலுக்குப் போறேன்க்கா" என்றிருந்தாள். அந்தப் பெண்ணின் பெயரைத் தங்கை வாயால் சொல்லவே மாட்டாள். மன்றத் தலைவி என்பாள்.

மன்றத் தலைவி நாற்காலியில் அரை வட்டம் சுற்றினாள். "போரடிக்குமாக்கா? எனக்கு டியூஷன் வேற இருக்கு."

"போரடிக்காதும்மா. மத்தவங்க ரெண்டு பேரும் ரெடியா இருக்காங்க."

"பசங்களா, பொண்ணுங்களா?"

"விளையாடிப் பாரேன்."

குலுக்கலில் அவளுக்குப் பந்து உண்டு என்று வந்திருந்தது. உதவியாளர் வேறு ஆளைக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு சொடுக்கில் 'இல்லை' என்று மாற்றிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வாகாக உட்கார்ந்துகொண்டாள்.

பந்து நின்றதும் மன்றத் தலைவி முதலில் சிரித்தாள். பிறகு மௌஸைத் தட்டிப் பார்த்தாள். "ஹலோ, நான் ஒருத்தி இங்க இருக்கேன்!" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். காது மடலை இழுத்து இழுத்து விட்டாள். கண் கலங்கியதும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். உதவியாளருக்குத் தொண்டைவரை இனித்தது. அழு, இன்னும் அழு. பெட்டி திறந்ததும் மன்றத் தலைவி படபடவென்று தட்டினாள்: 'யாருடி நீங்க? வெளிய வாங்க, பாத்துக்கறேன்.'

கதவைத் திறந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க யாருக்கா? என் ஸ்கூலா?"

யாருமில்லை, வெறும் கணினிதான் என்ற வார்த்தை உதவியாளரின் நாக்கு நுனிவரை வந்தது. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அதை விழுங்கினாள்.

"சொல்லக் கூடாதும்மா."

"ப்ளீஸ்க்கா."

"ஒரு பொண்ணு உன் ஸ்கூல்தான். உன் பேரைக் கேட்டதும் சிரிச்சா."

"சிரிச்சாளா?"

உதவியாளர் அவளை அப்படியே அம்மாவோடு அனுப்பிவைத்தாள். போகட்டும், ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவளா அவளா என்று மருகட்டும். என் தங்கை மருகினாளே! பேராசிரியை நடையில் எதிர்ப்பட்டு, "எல்லாம் சொல்லிட்டியாம்மா?" என்றபோது, "சொல்லிட்டேன் மேடம்" என்று கூசாமல் சொன்னாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காது மடலை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

வீட்டில் தங்கை கட்டிலில் பள்ளிச் சீருடையை விரித்துப்போட்டிருந்தாள். பக்கத்தில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, மன்றத் தலைவிக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. எந்தப் பந்து? நான் எங்க சிரிச்சேன்?"

உதவியாளர் போனை வாங்கிப் பார்த்தாள். 'உன்னைத் தவிர யாருடி இதைப் பண்ணுவா? சிரிச்சியாமே? திங்கக்கிழமை வா, பல்லைப் பாக்கறேன்.' கீழே அந்தப் பழைய வீடியோ, புதுக் கிண்டலோடு.

ஒதுக்கியவர் கைக்குச் சிக்காவிட்டால், ஒதுக்கப்பட்ட பிள்ளை சிக்கியவர்மேல் பாயும். எத்தனை பிள்ளைகளிடம் அதை அவளே அளந்திருக்கிறாள்! உண்மையைச் சொல்லும் அந்த மருந்தே அதைத் தடுக்கத்தான். 'உன் ஸ்கூல்தான்' என்று சொன்ன அந்த நொடியில் யார் அகப்படுவாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை உடைந்துபோவாள் என்று எதிர்பார்த்தாள்.

"அழுதாளா?" என்றாள் தங்கை.

"ம்."

"சத்தமாவா?"

"இல்ல. கண்ணு மட்டும்."

"அங்க யாருமே இல்ல? வெறும் கம்ப்யூட்டரா?" தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறாள் அக்கா. பார்க்கப் பயமாக இருந்தது.

"போனைக் குடு. அவளுக்கு இப்பவே உண்மையைச் சொல்லிடறேன். நாளைக்கு மேடம்கிட்டயும் சொல்லிடறேன்."

"ஒண்ணும் வேணாம்." தங்கை வெடுக்கென்று போனைப் பிடுங்கித் தட்டினாள். "ஆமா, நாந்தான். நல்லா இருந்துச்சா?" என்று தட்டியதை வாய்விட்டும் படித்தாள்.

"அனுப்பாதடி!"

"அனுப்பியாச்சு."

போன் உடனே அதிர்ந்தது. தங்கை சுவரில் சாய்ந்து முழங்காலை மடக்கிக்கொண்டாள். சீருடை அவள் காலடியில் கசங்கியது.

"அக்கா, அவ அம்மாவும் வந்தாங்கல்ல? அவங்க பேரு, நம்பர் எல்லாம் அங்க குடுத்திருப்பாங்களே. என்ன பேரு?"

"தெரியாது," என்றாள் அக்கா.

தங்கை நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். நம்பவில்லை. "பரவால்ல. நானே கண்டுபுடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்தாள்.