பள்ளத்துக்கு வழி

பெஞ்சில் கிடத்தியிருந்த புருஷன் முருகையனின் சடலத்தின் காலடியில் தையல்நாயகி குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்ற கொழுந்தன் காத்தவராயன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"எரிக்கக் கட்டை வாணாம். குழி வெட்ட ஆளு அனுப்பிட்டேன்."

குடம் அப்படியே நின்றது.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் சரியாகத் தூங்கியதில்லை. மில் பஞ்சு புருஷனின் நெஞ்சை அடைத்துவிட்டது. உட்கார்ந்தால்தான் மூச்சு, சாய்ந்துகொள்ள அவள்தான் சுவர். இப்போது அழுவதற்குக்கூடத் தெம்பில்லை.

"நம்ம வம்சத்துல யாரப் பொதைச்சிருக்கோம்?" என்றாள் நாத்தனார் சுலோசனா.

"அண்ணன் உசிரு போறப்ப சொன்னத நீயுந்தான கேட்ட? 'பள்ளத்துக்குப் போவணும், பள்ளத்துக்குக் கூட்டிப்போ'ன்னு. எரிக்காத, பொதைன்னுதான அர்த்தம்?"

"குழின்னா சொன்னாரு? பள்ளம்னுல்ல சொன்னாரு."

"குழி வேற, பள்ளம் வேறயா? பெரிய வாத்திச்சி!"

"நீ மட்டும் என்னா, பட்டாளத்து சொல்தா மாதிரி உத்தரவு போடற? பிரெஞ்சுக்காரனே கப்பலேறிட்டான்."

வேறுதான். தையல்நாயகிக்குத் தெரியும்.

முத்தியால்பேட்டை தாண்டி வடக்கே போனால், மழை அறுத்த செம்மண் மேட்டுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு கடல்வரைக்கும் இறங்கும். ஐயனாருக்கு விட்ட இடம். ஒரு சுள்ளிகூட ஒடிக்கமாட்டார்கள். அதன் வாயில் கிடக்கும் மணலில் கட்டுமரம் ஏற்றமாட்டார்கள், வலை காயப்போடமாட்டார்கள். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி, எல்லைச் சுங்கச் சாவடியில் மடியைத் தடவிப் பார்க்க ஆளில்லாமல் போன மறுநாள், "சும்மா நடந்து பாப்பமா?" என்று முருகையன் அவளைக் கூட்டிப் போனான். தடுக்க ஒருவரும் இல்லாத சாலையே அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. நடந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சிவந்த சுவர், எதிரே ஆளற்ற கடல். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் இறங்கியவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு அத்தனை பெரிதென்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

வீட்டில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆலை விட்டு அலுத்து வரும் நாட்களில், "பள்ளத்துக்குப் போலாமா?" என்பான். "சும்மா இருங்க" என்பாள். அப்புறம் போகவேயில்லை.

புருஷன் பிணமாகக் கிடக்கையில், அவனோடு கடலாடிய கதையை ஊர் நடுவில் எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் மண்ணைத் தள்ளிவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

குடத்தைக் கீழே வைத்தாள்.

"எரிச்சிடுங்க."

"அண்ணி, சாவறவன் சொன்ன சொல்லு—"

"பள்ளம்னா ஒரு எடம். பழைய சாவடி தாண்டி, கடலோரமா இருக்கு. நாங்க போயிருக்கோம். சாம்பல அங்க கரைக்கணும்."

காத்தவராயன் வேலியை விட்டுக் கிட்டே வந்தான்.

"அங்க எதுக்குப் போனீங்க?"

"குளிக்க."

"அடி யம்மா!" என்றது ஒரு குரல். சுலோசனா முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

காத்தவராயன் தரையைப் பார்த்தான். பிறகு, குழி வேண்டாமென்று சொல்லிவர ஆளை அனுப்பினான்.

"செரி. எடத்தச் சொல்லுங்க, நான் போய்க் கரைச்சிட்டு வரேன்."

"சொன்னா புரியாது. நானும் வரேன்."

"பொம்பள எப்பிடி அண்ணி..."

"வழி எனக்குத்தான் தெரியும்."

மறுநாள் சாம்பல் கலயத்தோடு அவன் பின்னால் வர, அவள் முன்னால் நடந்தாள். ஐயனார் பக்கம் தீட்டோடு போகக் கூடாதென்று கடலோரமாகவே போனார்கள். மேடு விலகியதும் அவள் நின்றாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இங்க ஒண்ணுமே இல்லியே அண்ணி."

"ஆமாம்."

"ஆழமா?"

"இல்ல. ரொம்ப தூரம் மணலுதான்."

இடுப்பளவு தண்ணீரில் நின்று கலயத்தைக் கவிழ்த்துவிட்டுக் கரையேறினான். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான்.

"நான் அந்தாண்ட நிக்கறேன்."

செம்மண் சுவரை ஒட்டிப் போய், கடலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டான்.

தையல்நாயகி தண்ணீரில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை என்று தெரிவிப்பவன் போல, அவன் அவ்வப்போது தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.