பிரியாணி வரும்வரை நகராதே

என் வீட்டுக்காரருக்கு ஆசை இரண்டே இரண்டுதான். ஒன்று தூக்கம், இன்னொன்று பிரியாணி. தூக்கத்துக்காக என் கிரைண்டரையே விற்றுவிட்டார் அந்தப் புண்ணியவான்.

பட்டாபிராமில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். பாஸ்கரனுக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பார். அதே நேரத்தில்தான் நான் கிரைண்டரைப் போடுவேன். "காதுக்குள்ள கல்லு சுத்துதுமே" என்று தினமும் புலம்பல். பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

அன்றைக்கு மறுநாள் எதிர்வீட்டு ரேவதி மகளுக்கு வளைகாப்பு. மாவு என் பொறுப்பு. அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டு, ஒரு எட்டு மாங்காடு காமாட்சியைப் பார்த்து வரலாம் என்று கிளம்பினேன். தரிசன வரிசையில் நிற்கும்போது போன்.

"லோகு, ஒரு நல்ல சமாச்சாரம். கிரைண்டரைத் தள்ளிட்டேன்."

"எங்கய்யா தள்ளினே?"

"சென்னீர்குப்பத்துல, நம்ம சபீனா கடையில. துட்டு கைக்கு வந்துட்ச்சு, இன்னும் கடையிலதான் கீறேன். இனிமே ஊட்ல நிம்மதியா தூங்கலாம்."

முந்தாநாள்தான் ஆள் வைத்துக் கல் கொத்தியிருந்தேன். கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கத்தினால் போனை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். கிரைண்டர் வாங்கின பில் வேறு அவர் பேரில் இருந்து தொலைத்தது.

அப்போதுதான் சபீனாவின் கடை வழக்கம் ஞாபகம் வந்தது. ஓட்டல் சாமான்களைப் பழசில் வாங்கி விற்கிறவள் அவள். ஒருமுறை அவளிடம் மிக்சி வாங்கி, காசும் கொடுத்து, கடைக்குள்ளேயே மனசு மாறிப்போய் முழித்துக்கொண்டு நின்றேன். "தாராளமா திருப்பிக் குடுங்க அக்கா" என்றாள். "வித்தவங்களும் வாங்கினவங்களும் ஒருத்தரை ஒருத்தர் விட்டு நகர்ற வரைக்கும், ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் பேரத்தைக் கலைச்சுக்கலாம். எங்க இஸ்லாத்துல ஷாஃபி சட்ட வழியில அப்படித்தான். நகர்ந்துட்டா முடிஞ்சுது."

அப்படியானால் இந்த மனுஷன் சபீனாவை விட்டு நகரக் கூடாது. குரலில் சர்க்கரையைக் கொட்டினேன்.

"நல்லதா போச்சுயா. சபீனா தன்கிட்ட சாமான் விக்கிறவங்களுக்கு மத்தியானம் பிரியாணி போடுவா, தெரியுமா? கேட்டா போடமாட்டா. கூடவே இருக்கணும். ஒரு நிமிஷம் அவளை விட்டு நகர்ந்தியோ, வேற எவனாவது துன்னுட்டுப் பூடுவான்."

"அப்டியா!" என்றார். காமாட்சிக்கு வரிசையிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அதற்குள் கடையில் நடந்த கூத்தைச் சபீனா பிறகு சொன்னாள். ஆவடியில் மெஸ் வைத்திருக்கும் செங்கல்வராயன் அந்தக் கிரைண்டர் வேண்டுமென்று வண்டியோடு வந்து நின்றிருக்கிறார். சபீனாவோ, "விக்கிறவர் இன்னும் கிளம்பலை. பேரம் முடியாத பொருளை நான் எப்படி உங்களுக்கு விப்பேன்?" என்று நிறுத்தி வைத்திருக்கிறாள்.

"போயிட்டு வாங்கண்ணே" என்றாளாம் என் வீட்டுக்காரரிடம்.

"இருக்கட்டும்மா, அவசரம் ஒண்ணுமில்ல."

சபீனா குடோனுக்குப் போனால் இவரும் குடோனுக்கு. டீக்கடைக்குப் போனால் இவரும் டீக்கடைக்கு. டீ வேண்டாமாம், வயிற்றில் இடம் வேண்டுமாம்.

"இன்னாம்மா இது, அந்தாளு ஏன் உன் பின்னாலயே சுத்திகினு கீறாரு?" என்று செங்கல்வராயன் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது நான் போய் இறங்கினேன்.

"சபீனா, இந்தப் பேரம் வேணாம்!"

சபீனாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நகராததால இன்னும் கலைக்கலாம் அக்கா. ஆனா நீங்க சொன்னா செல்லாது. வித்தவர் வாயால வரணும்."

பாஸ்கரன் கையைக் கட்டிக்கொண்டார். "சொல்லமாட்டேன். எனக்குத் தூக்கம் வேணும்."

திட்டுவதற்கு வண்டி வண்டியாக வார்த்தை வைத்திருந்தேன். வந்தது என்னவோ அழுகைதான். "அரிசி ஊறிகினு கீதுயா. நாளைக்கு ரேவதி மூஞ்சில எப்படி முழிப்பேன்? அது என் பொழப்பு. சபீனாகிட்ட விலை கேட்டியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் அழுது அவர் பார்த்ததே இல்லை. தலையைச் சொறிந்தார். சபீனாவைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார்.

"சாயங்காலம் நீ எழுந்தப்புறம் அரைக்கிறேன். காலையில சுவிட்சைத் தொடமாட்டேன். சபீனா சாட்சி" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏம்மே விக்கப்போறேன்?" பணத்தை எடுத்து நீட்டினார். "வேணாம் சபீனா. கலைச்சுடும்மா."

அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். செங்கல்வராயன் முனகிக்கொண்டே போனார். கண் முன்னாலிருந்த லாபம் போனதில் அவளுக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

"சரி, பிரியாணி?" என்றார் என் வீட்டுக்காரர்.

சபீனா தன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். அதில் பாதியை அவருக்கே கொடுத்தாள். பாஸ்கரன் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்துக்கு மறக்கமாட்டேன்.

குட்டியானை வேனில் கிரைண்டரோடு வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தார். "லோகு, நகர்ற வரைக்கும் கலைக்கலாம்ன்றாளே, நம்ம கல்யாணம்?"

அந்த வழக்கம் வியாபாரத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எதற்குச் சொல்லவேண்டும்?

"நாம ஒண்ணாத்தானே குந்திகினு கீறோம்? கலைச்சுடலாமான்னுதான் நானும் யோசிச்சுகினு கீறேன்."

வீட்டு வாசலில் கிரைண்டரை இறக்கியதும் மனுஷன் விடுவிடுவென்று வெயிலில் நடக்க ஆரம்பித்தார்.

"தூங்காம எங்கய்யா போறே?"

"தெரு முனை வரைக்கும். உன்னை விட்டு நகர்ந்துட்டு வந்துட்றேன். அப்பால நீ கலைக்க முடியாது, பார்த்துக்க!"

முனை வரை போய், மின்கம்பத்தைத் தொட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "முடிஞ்சுட்ச்சு" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார்.